ராக்கெட் எஞ்சினுக்கு வரைபடம் தேடினோம்

இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்கு நீராவி எஞ்சின் ஒன்றின் மாதிரியைச் செய்வதென்று எங்கள் அறிவியல் மன்றம் ஜூலை மாதத்திலேயே முடிவு செய்தது. அட்டையிலும் தீப்பெட்டியிலும் செய்து வண்ணம் பூசிய எஞ்சின்கள் முந்தைய ஆண்டுகளிலும் வந்ததுண்டு. பார்ப்பவர்கள் "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். இம்முறை உலோகத்தில், அளவு பிசகாமல், சக்கரம் சுழலும்படி செய்யவேண்டும் என்பது எங்கள் ஆசை. நாங்கள் எடுத்துக்கொண்டது, இங்கிலாந்தில் நியூகாசில் நகரிலிருந்த ராபர்ட் ஸ்டீவன்சன் தொழிற்சாலையில் 1829-ஆம் ஆண்டு உருவான 'ராக்கெட்' எஞ்சின். அடுத்த ஆண்டு மன்றத்தில் சேரவிருக்கும் தங்கையருக்குப் பயன்படும் என்று எங்கள் அனுபவத்தைப் பாடமாக இங்கே எழுதுகிறோம். நாங்கள் செய்த பிழையிலிருந்து தொடங்குவதே முறை.

படம் கிடைப்பது மிக எளிது என்று நினைத்தோம். வீட்டிலிருந்த ஒரு கலைக்களஞ்சியத்தில் 'ராக்கெட், 1829' என்று எழுதிய பக்கவாட்டுப் படம் இருந்தது. அதை ஜெராக்ஸ் எடுத்துப் பெரிதாக்கி, அதன்மேல் தாளை வைத்து வரைந்து, உருளைகளைத் தாங்கும் இரண்டு பித்தளைத் தகடுகளை அறுத்தோம், துளைகளும் போட்டோம். ஒரு வாரச் சனி, ஞாயிறு முழுவதும் அதிலேயே கழிந்தது. பிறகு உருளைகளைக் கடைந்து வாங்குவதற்காக லேத் பட்டறைக்குப் போனோம். எங்களில் ஒருத்தி வழிகாட்டிக்கு இருக்கட்டும் என்று வேறொரு புத்தகத்தின் படத்தையும் கொண்டு வந்திருந்தாள். பட்டறைக்காரர் இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, இந்தப் படத்துல சிலிண்டர் படுத்திருக்குது. அந்தப் படத்துல சாஞ்சு நிக்குது. ரெண்டுக்கும் அடியில ஒரே பேருதான் போட்டிருக்குது. நான் எதைப் பாத்துக் கடையோணும்?"

எங்களிடம் விடை இல்லை. ஓவியர் எவரோ தவறாக வரைந்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினோம். உண்மையில் இரண்டு ஓவியர்களும் சரியாகத்தான் வரைந்திருந்தார்கள். ஒருவர் வரைந்தது 1829-இல் இருந்த எஞ்சினை. மற்றவர் வரைந்தது அதே எஞ்சின் பிற்பாடு மாற்றப்பட்ட நிலையை. அடியில் அச்சான ஆண்டுதான் தவறு.

அந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். லிவர்பூல்–மான்செஸ்டர் இரயில் பாதையின் இயக்குநர்கள், தங்கள் பாதைக்குத் தகுந்த எஞ்சினைத் தேர்ந்தெடுக்க 500 பவுண்டு பரிசு அறிவித்தார்கள். எஞ்சினின் எடை ஆறு டன்னுக்கு மேற்படக் கூடாது. தன் எடையைப்போல் மூன்று மடங்கை இழுக்கவேண்டும். கொதிகலனின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டைத் தாண்டக் கூடாது. போட்டி 1829 அக்டோபர் 6-ஆம் நாள் ரெயின்ஹில் என்ற ஊரில் தொடங்கியது. ஐந்து வண்டிகள் வந்தன. அவற்றுள் ஒன்று, உள்ளே குதிரையை நடக்கவிட்டு ஓட்டிய வண்டி! (எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது எவரும் நம்பவில்லை.) ராக்கெட் தன் முழுச் சோதனையை ஓடி முடித்தது அக்டோபர் 8-ஆம் நாள். மற்றவை ஒவ்வொன்றாகப் பழுதாகி நிற்க, பரிசு ராக்கெட்டுக்கே கிடைத்தது.

அதன் வெற்றிக்குக் காரணம் கொதிகலன். அதற்கு முன்பெல்லாம் கொதிகலனுக்குள் பெரிய புகைக்குழாய் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ராக்கெட்டில் மூன்று அங்குல விட்டமுள்ள 25 செப்புக் குழாய்கள் நீருக்குள்ளே ஓடின. ஒரு பெரிய பானையை அடியில் மட்டும் சூடாக்குவதற்கும், பானைக்குள்ளேயே 25 சூடான குழாய்களை விடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. இந்த யோசனையைச் சொன்னவர் இரயில் பாதை நிறுவனத்தின் செயலாளராயிருந்த ஹென்றி பூத். அவர் பொறியாளர் அல்லர்.

அன்று உருளைகள் பின்புறத்தில், தரைமட்டத்துக்கு ஏறக்குறைய 38 பாகை சாய்வில் அமைந்து, முன்னாலிருந்த பெரிய சக்கரங்களை ஓட்டின. சாய்வு அதிகமாதலால் பிஸ்டன் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் எஞ்சின் மேலும் கீழும் ஆடியது. வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடியது. ஆகவே போட்டி முடிந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் உருளைகள் கீழிறக்கப்பட்டு, ஏறக்குறையப் படுக்கையாக மாற்றப்பட்டன. முன்புறத்தில் புகைப்பெட்டி ஒன்றும் சேர்க்கப்பட்டது. 1836-இல் கம்பர்லாந்திலுள்ள ஒரு நிலக்கரிச் சுரங்கப் பாதைக்கு எஞ்சின் விற்கப்பட்டது. 1862-இல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது அதன் பல உறுப்புகள் காணாமற்போயிருந்தன. பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக லட்சக்கணக்கானோர் பார்த்ததும் படம் பிடித்ததும் அந்த மாறிய எஞ்சினைத்தான். 2023 முதல் அது ஷில்டன் என்ற ஊரிலுள்ள இரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதிலிருந்து நாங்கள் கற்றது: அசலின் புகைப்படமே கையில் இருந்தாலும், அது நமக்கு வேண்டிய நாளின் படமா என்று கேட்கவேண்டும். அசலைப் பார்த்துச் செய்த மறுபடைப்புகளுக்கும் இது பொருந்தும். 1929-இல் ஹென்றி போர்டுக்காக ஒன்று செய்யப்பட்டது. 1979-இல், போட்டியின் 150-ஆம் ஆண்டு விழாவுக்காக, உண்மையிலேயே ஓடும் ராக்கெட் ஒன்றைச் செய்தார்கள். வண்ணப் புகைப்படங்களில் மஞ்சள் நிறத்தில் பளபளவென்று நிற்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் இதன் புகைபோக்கி அசலைவிடக் குட்டையானது! ரெயின்ஹில் பாலத்தின் அடியிலுள்ள பாதை இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் உயர்ந்துவிட்டதால், பழைய உயரத்தில் வைத்தால் பாலத்தில் இடிக்கும், ஆகவே குறைத்துவிட்டார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்து அளவெடுத்திருந்தால் எங்கள் புகைபோக்கியும் குட்டையாகியிருக்கும், காரணமும் தெரிந்திருக்காது.

ஆதலால் மன்றக் கூட்டத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தோம்: 1829 அக்டோபர் 8. அந்த நாளுக்குரிய சான்று இல்லாத எதையும் எஞ்சினில் வைப்பதில்லை என்று தீர்மானம் எழுதினோம். இதன்பின் தேடல் எளிதாயிற்று. போட்டியின் மூன்று நடுவர்களுள் ஒருவரான ஜான் ராஸ்ட்ரிக் தம் குறிப்பேட்டில் எஞ்சின்களின் அளவுகளை எழுதி வைத்திருந்தார்; அந்தக் குறிப்பேடு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 1829 அக்டோபரிலேயே லண்டன் 'மெக்கானிக்ஸ் மேகசின்' ராக்கெட்டின் படத்தை அச்சிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1999-இல் மைக்கேல் பெய்லி, ஜான் கிளித்தரோ என்ற இருவர் அருங்காட்சியக எஞ்சினைப் பிரித்து, எந்தத் துண்டு முதலிலிருந்தே உள்ளது, எது பின்னால் சேர்ந்தது என்று ஆய்ந்தார்கள். அவர்களுடைய அறிக்கை 2000-இல் நூலாக வந்தது. சிஸ்டர் அதை ஒரு கல்லூரி நூலகத்தின் வழியாக நமக்குப் பெற்றுத் தந்தார்கள்.

இன்னொரு வகை வரைபடமும் உண்டு. இங்கிலாந்தில் 1898 முதல் வந்த 'மாடல் எஞ்சினியர்' இதழில், 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் எழுதியவர் சிறு எஞ்சின்கள் பலவற்றுக்கு வரைபடம் தந்தார். ராக்கெட்டைத் தழுவி மூன்றரை அங்குலப் பாதைக்கு 'ரெயின்ஹில்' என்றொரு எஞ்சினையும் அமைத்தார். இத்தகைய வரைபடத்துக்கு வார்ப்பட உறுப்புகளும் அந்நாட்டுக் கடைகளில் தொகுதியாகக் கிடைப்பதுண்டு. ஆனால் அவர் நோக்கம் சிறிய எஞ்சின் நன்றாக ஓடவேண்டும் என்பது. அதற்காக அசலிலிருந்து விலகவும் செய்வார். நம் நோக்கமோ அசலைப் போலிருக்கவேண்டும் என்பது. இரண்டு வரைபடங்களும் நல்லவையே. ஒன்றின் சக்கரத்தையும் மற்றொன்றின் கொதிகலனையும் சேர்த்தால்தான் தொல்லை.

இனி வரைபடத்தைச் சோதிக்கும் முறை. இதற்கு ஒரு கவராயமும் அளவுகோலும் போதும். முதலில் சக்கரத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து பாருங்கள். சக்கரம் வட்டமாதலால் இரண்டும் சமமாக இருக்கவேண்டும். எங்கள் முதல் ஜெராக்ஸில் குறுக்கே 92 மில்லிமீட்டர், நெடுக்கே 90! பிரதி எடுக்கும்போது படம் இழுபட்டிருந்தது. அடுத்து, ராக்கெட்டின் பெரிய சக்கரம் 4 அடி 8½ அங்குலம், அதாவது 1435 மில்லிமீட்டர் என்பது தெரிந்த அளவு. படத்தில் அந்தச் சக்கரத்தையே அளவுகோலாக வைத்துக் கொதிகலனின் நீளம் 6 அடி வருகிறதா, விட்டம் 3 அடி 4 அங்குலம் வருகிறதா என்று பார்க்கலாம். புகைப்படத்தில் இவ்வாறு செய்யும்போது எச்சரிக்கை வேண்டும். சக்கரம் நமக்கு அருகிலும் கொதிகலன் சற்றுத் தள்ளியும் இருப்பதால் கொதிகலன் சிறிதாகத் தெரியும்.

எழுதப்பட்ட எண்களையும் சோதிக்கலாம். குழாய்களின் வெப்பப் பரப்பு 117.75 சதுர அடி என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. மூன்று அங்குலம் என்பது கால் அடி. கால் அடி விட்டம், 6 அடி நீளம், 25 குழாய்கள்: 3.14 × 0.25 × 6 × 25. பெருக்கிப் பாருங்கள்; சரியாக 117.75 வருகிறது. எட்டாம் வகுப்பில் உருளையின் வளைபரப்பைப் படித்தபோது இது எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் அன்று கரும்பலகையின் முன்னால் கைதட்டினார்கள்.

எங்கள் மாதிரிக்கு 16-இல் ஒரு பங்கு என்ற அளவைக் கொண்டோம். இரயில் பாதையின் அகலம் அப்போது ஏறக்குறைய மூன்றரை அங்குலம் ஆகும். கொதிகலன் 6 அடி என்பது 1829 மில்லிமீட்டர் (ஆண்டும் அதுவே என்பதால் இந்த எண் எவருக்கும் மறக்கவில்லை). 16-ஆல் வகுத்தால் 114.3 மில்லிமீட்டர். விட்டம் 63.5, பெரிய சக்கரம் 89.7, பின் சக்கரம் 47.6, உருளையின் உள்விட்டம் 12.7 மில்லிமீட்டர். நீளம் 16-இல் ஒரு பங்காகும்போது பரப்பு 256-இல் ஒரு பங்காகவும், கன அளவு 4096-இல் ஒரு பங்காகவும் குறையும். அசல் ஏறத்தாழ நாலேகால் டன். அதே பொருள்களால் செய்தால் மாதிரி ஒரு கிலோவைச் சற்றே தாண்டும்.

உறுப்புகளைத் தேடியதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. வெளிநாட்டு வார்ப்படத் தொகுதிக்கு நம்மிடம் பணம் இல்லை. நமக்கு வேண்டிய நாளின் எஞ்சினுக்கு அது பொருந்தவும் இல்லை. எனவே பட்டியலை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினோம். குழாயின் விட்டம் நமது அளவில் 4.76 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. இரும்புக் கடையில் கேட்டபோது அப்படியொரு அளவே கிடையாது என்றார்கள். இறுதியில் கிடைத்தது குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில்! அந்தத் தொழிலில் செப்புக் குழாய்க்கு இன்றும் அங்குலக் கணக்குதான். 3/16 அங்குலக் குழாய் சுருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்கார அண்ணன், எதற்கு என்று கேட்டுவிட்டு, மீந்த துண்டுகளை எடைக்கே கொடுத்தார்.

கொதிகலனின் உடலுக்குச் செப்புத் தகட்டை உருட்டித் தந்தவர் பாத்திரக் கடைத் தெருவிலுள்ள கன்னார். குடத்தின் கழுத்தை உருட்டும் அதே கையால் 63.5 மில்லிமீட்டர் உருளையை உருட்டினார். வெர்னியர் வைத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. ராக்கெட்டின் பெரிய சக்கரங்கள் மரத்தாலானவை, மேலே இரும்புப் பட்டை ஏற்றியவை என்று படித்தவுடன் எங்களுக்கு மாட்டு வண்டிதான் நினைவுக்கு வந்தது. வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர் ஒருவரிடம் போனோம். குடம், ஆரக்கால், வட்டை என்று படத்திலுள்ள ஒவ்வொன்றுக்கும் அவர் பெயர் சொன்னார். பட்டையைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றிக் குளிரவிட்டால் அது சுருங்கி மரத்தை இறுக்கும் என்று விளக்கினார். வெப்பத்தால் உலோகம் விரிவடைவதைப் பற்றி நாங்கள் பாடத்தில் எழுதும் விடையைவிட அது தெளிவாக இருந்தது. "இத்தனை சின்னச் சக்கரம் என் கைக்கு அடங்காது கண்ணுகளா" என்று சிரித்தவர், ஆரக்காலைப் பொருத்தும் முறையைக் கற்றுத் தந்தார்; சக்கரத்தை நாங்களே செய்தோம். மூன்றாவது முயற்சியில்தான் வட்டமாக வந்தது.

மரையாணியில் பலர் தவறு செய்வர். கடையில் கிடைக்கும் மிகச் சிறிய ஆணியை வைத்து முடுக்கிவிட்டால் அது அசலின் அளவில் தேங்காய்ப் பருமனாகத் தெரியும். அசலில் ஓர் அங்குலம் என்பது நமக்கு 1.6 மில்லிமீட்டர்தான். அந்த அளவிலுள்ள திருகாணிகளை மூக்குக்கண்ணாடிக் கடையிலும் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமும் வாங்கினோம்.

எல்லாம் கூடிவந்த வேளையில் ஒரு பெரிய வாக்குவாதம் வந்தது. கொதிகலனில் உண்மையாகவே நீர் ஊற்றித் தீ மூட்டுவதா, இல்லையா? மூட்டவேண்டும் என்றே நாங்கள் அனைவரும் விரும்பினோம். மதர் அனுமதிக்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம் என்பதை மறைப்பானேன்? சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டு, காரணத்தைக் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். 50 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறக்குறைய 148 பாகை செல்சியஸ். நாங்கள் மூட்டுகளை ஒட்டியது சாதாரண ஈயப் பற்றாசால். அது 183 பாகையிலேயே உருகத் தொடங்கும். நீர் இருக்கும்வரை செம்பு குளிர்ச்சியாக இருக்கும். நீர் மட்டம் இறங்கினால் சில நொடிகளில் அந்த 35 பாகை இடைவெளி போய்விடும். தீ மூட்டும் கொதிகலனுக்கு வெள்ளிப் பற்றாசு வேண்டும், காப்பு வால்வு வேண்டும், ஓடும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு அழுத்தத்தில் நீரால் சோதிக்கவும் வேண்டும். காற்றால் சோதிக்கக் கூடாது. நீர் ஏறக்குறைய அமுங்காது. ஆதலால் மூட்டு விட்டால் கசிந்து நின்றுவிடும். அமுங்கிய காற்றோ வெடித்துச் சிதறும். கூடம் நிறையச் சிறு பிள்ளைகள் நிற்கும் நாளில் அதற்கு இடமில்லை என்றார்கள். எங்களுக்கு மறுசொல் இல்லை.

ஆகவே கொதிகலனை விட்டுவிட்டு, அடியில் மறைவாக ஒரு மெல்லிய குழாய் வழியே சைக்கிள் பம்பின் காற்றை நேராக உருளைகளுக்கே அனுப்பினோம். இதில் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. தீ மூட்டும் சிறு கொதிகலனில் 25 மெல்லிய குழாய்களை வைக்க முடியாது; புகைக்கரி அடைத்துக்கொள்ளும். செய்பவர்கள் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைக் கூட்டிவிடுவார்கள். நமக்குத் தீயே இல்லையே! 25 குழாய்களையும் எண்ணி வைத்தோம். முன்பக்கம் ஒரு மூடியைத் திறந்தால் அவற்றைப் பார்க்கலாம்.

கண்காட்சியன்று கூட்டம் எங்கள் மேசையில் நின்றது உண்மை. பலர் கேட்ட கேள்வி, "படத்தில் பார்த்த மாதிரி இல்லையே, சிலிண்டர் ஏன் இப்படித் தூக்கிக்கொண்டு நிற்கிறது?" என்பது. ஒவ்வொரு முறையும் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து விளக்கினோம். ஒரு மாணவியின் தாத்தா, இளமையில் நீராவி எஞ்சினில் பயர்மேனாக இருந்தவர், நாற்காலி போட்டு அமர்ந்து அரைமணி நேரம் பார்த்தார். குழாய்களை விரலால் தொட்டு எண்ணினார். "கரி வாசனை ஒன்றுதான் குறை" என்றார்.

தங்கையர் அடுத்த ஆண்டு நீலகிரி மலை இரயிலின் எஞ்சினைச் செய்யப்போவதாகக் கேள்விப்படுகிறோம். நல்ல தேர்வு. பாதையின் அகலம் ஒரு மீட்டர். மூன்றரை அங்குலத் தண்டவாளத்தில் வைத்தால் அளவு 11.25-இல் ஒரு பங்கு. ஆனால் 'எக்ஸ்' வகை எஞ்சின் என்று மட்டும் சொல்லிக்கொண்டு படம் தேடப் போகாதீர்கள். சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டு வந்தவை நிலக்கரியில் ஓடியவை. அவற்றில் சில பின்னர் எண்ணெய்க்கு மாற்றப்பட்டன. 2011-இல் பொன்மலைப் பணிமனையே எண்ணெயில் எரியும் புதிய எஞ்சினைச் செய்து அனுப்பியது. எஞ்சினின் எண்ணையும் ஆண்டையும் முதலில் குறித்துக்கொண்டு, பிறகு கவராயத்தை எடுங்கள்.

நாங்கள் முதலில் அறுத்த இரண்டு தகடுகளும் ஆய்வகத்து அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. துளைகள்தாம் தவறான இடத்தில்; பித்தளை நல்ல பித்தளை. வேண்டுவோர் சிஸ்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.